வெளியாள் நிற்கும் இடம்

நவம்பர் 4

தம்பிக்கு,

போனில் பேசினால் நீ வைத்துவிடுவாய், அதனால் கடிதம். இதையும் நீ பாதியில் வைக்கலாம். ஆனால் இது உன் சாப்பாட்டு மேஜையிலேயே கிடக்கும், வரும்போதும் போகும்போதும் உன்னைப் பார்க்கும். படித்து முடிக்காத தாள் ஒன்று வீட்டில் கிடந்தால் உனக்கு இருப்புக்கொள்ளாது என்பது எனக்குத் தெரியும்.

முதலில் செய்தி. அம்மா இருக்கும் வீட்டை வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டுவிட்டார். மகனைக் குடி வைக்க வேண்டுமாம். வருஷம் பிறந்ததும் சாவியைக் கொடுத்தாக வேண்டும். அம்மா என்னோடு வந்துவிடுவாள். அதற்காக எங்கள் வீட்டுச் சின்ன அறையை ஒழித்துக்கொண்டிருக்கிறேன். அங்கே மலையாகக் குவித்துவைத்த பழைய பத்திரிகைகளை உன் மாமா ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் எடைக்குப் போடுவாராம். வேலை எந்த வேகத்தில் நடக்கிறது என்று நீயே ஊகித்துக்கொள்.

லீவு நாட்களில் அம்மா வீட்டுக்குப் போய் ஒவ்வொரு அலமாரியாகக் காலி செய்கிறேன். அப்பா வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கப் போகும்போது தோளில் மாட்டிக்கொள்வாரே, அந்தத் தோல் பை மேல்தட்டில் இருந்தது. உள்ளே அவருடைய கேமரா. கேமராவுக்கு அடியில் நம் வருஷக் கடைசி லீவுப் படங்கள் மொத்தமும். துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா வந்து பார்த்தாள். "இதுக்குத்தான் வந்தியா" என்று கேட்டாள். பிறகு அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

எல்லாப் படமும் அதே வாசல்படிதான். பெரியப்பா குடும்பம் ஒரு பக்கம், அத்தை குடும்பம் ஒரு பக்கம், நடுவில் நாம். ஒன்றில் நீ என் ஜடையை இழுக்கிறாய், நான் உன் காலை மிதிக்கிறேன், அத்தை கொட்டாவி விடுகிறாள், பெரியப்பா யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார். ஒழுங்காக நின்ற படம் என்று ஒன்றுகூட நம் வீட்டில் கிடையாது. அப்பா "ஒண்ணு, ரெண்டு" என்று சொல்லி ரெண்டிலேயே அழுத்திவிடுவார். மூணு வரைக்கும் விட்டால் எல்லாரும் பொம்மையாகிவிடுகிறீர்கள் என்பார். இது நமக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு வருஷமும் மூணுக்காகக் காத்திருந்து ஏமாந்தோம்.

நாள் முழுக்க லேபில் உட்கார்ந்து மெழுகில் பொய்ப்பல் அடுக்குகிற எனக்கு, யார் படத்தைப் பார்த்தாலும் பல்தான் முதலில் கண்ணில் படும். உனக்கு முன்பல் விழுந்த வருஷம், முளைத்த வருஷம், கோணலாக முளைத்துவிட்டதே என்று நீ வாயை இறுக மூடிக்கொண்டு நின்ற வருஷம், எல்லாம் வரிசையாக இருக்கிறது.

கேமராவுக்குள் ஒரு ரோல் மாட்டியபடியே இருந்தது. அப்பா போன பிறகு வந்த முதல் லீவில், நீ கடைசியாக வந்தபோது எடுத்தது. இந்தக் காலத்தில் பிலிம் கழுவித் தரும் கடையைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு வயசாகிவிட்டது. பிரிண்டை இதோடு வைத்திருக்கிறேன். நாங்கள் எல்லாரும் வழக்கம்போல அரைகுறையாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். நீ மட்டும் மிளகாயைக் கடித்தவன் மாதிரி நிற்கிறாய். அன்று சாயங்காலமே அவசர வேலை என்று மூட்டையைக் கட்டினாய். மூன்று வருஷமாகியும் அந்த அவசரம் தீரவில்லை.

அந்த ஸ்கூட்டருக்காகத்தானே? அப்பாவுடைய ஸ்கூட்டரை உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் மெக்கானிக்கிடம் தள்ளிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். அது மழையில் நின்று நின்று துருப்பிடித்துப் போய்விட்டது. நீயோ நடுக்கடலில் இருந்தாய். யாரைக் கேட்பது? அதற்காகக் கூடப் பிறந்தவளோடு மூன்று வருஷம் பேசாமல் இருப்பாயா?

அம்மாவிடம் நீ வாரம் தவறாமல் பேசுகிறாய், "அடுத்த வருஷம் வர்றேம்மா" என்கிறாய், எல்லாம் எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு இனி அடுத்த வருஷம் இல்லை. அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவன் வந்து அந்தப் படியில ஒரு தடவை நிக்கட்டும். அப்புறம் என்னை எங்க வேணா கூட்டிட்டுப் போ." நீ வராவிட்டால் அவள் கிளம்பமாட்டாள். அவள் பிடிவாதம் உனக்குத் தெரியாததில்லை, அதில் பாதி உனக்கு வந்திருக்கிறது.

வா.

அக்கா


நவம்பர் 12

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழுக்கப் படித்தேன்.

ஸ்கூட்டர் இல்லை என்பதையே நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. நீ எழுதித்தான் தெரிந்துகொண்டேன். கொடுத்தது நல்லதுதான், அதன் பிரேக் எப்போதும் சரியில்லை.

லீவுக்கு வர முடியாது. இங்கே துறைமுகப் பட்டறையில் வருஷக் கடைசியில்தான் வேலை அதிகம். கப்பல்கள் நிற்கும்போதுதான் பம்புகளைக் கழற்ற முடியும். கப்பலில் வேலை பார்த்தபோது கடல் சாக்கு, கரைக்கு வந்த பிறகு பட்டறை சாக்கு என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

அம்மாவை நான் இங்கே அழைத்துக்கொள்ளத் தயார். சாமான் ஏற்ற வண்டியும் ஆட்களும் இங்கிருந்தே ஏற்பாடு செய்கிறேன். உனக்குச் சிரமம் வேண்டாம்.

நீ அனுப்பிய படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். என் மூஞ்சியைப் பற்றி எழுதுகிறவள், அதில் யார் இல்லை என்பதையும் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

தம்பி


நவம்பர் 19

தம்பிக்கு,

பார்த்தேன். உன் மாமாவையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அப்பா இல்லை. அது நம் கையில் இல்லை. பெரியப்பா இல்லை, அவர் அந்த வருஷம் முழங்கால் வலி என்று வரவில்லை. உன் வீட்டுக்காரி இல்லை, ஏனென்றால் படத்தை எடுத்ததே அவள். எடுக்கிறவள் எப்படியடா படத்தில் இருப்பாள்? இதில் என்ன புதிர் இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேர் மண்டைக்கும் எட்டவில்லை.

நேராக ஒன்று சொல்கிறேன், நீ கோபித்துக்கொண்டாலும் சரி. வண்டி அனுப்புகிறேன், ஆள் அனுப்புகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, நான் உன்னிடம் வண்டியா கேட்டேன்? அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது ஒவ்வொரு தடவையும் லேபில் பாதி வேலையைப் போட்டுவிட்டு ஓடியது நான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிறவள் ஓடத்தான் வேண்டும். ஆனால் ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் அம்மா என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாள், நீயும் வந்திருக்கிறாயா என்று. மூன்று வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது வலிக்கிறது.

என் மேல் உனக்கு என்ன கோபம் என்று தெரிந்தாலாவது நான் சண்டை போடுவேன். தெரியாமலே திட்டு வாங்குவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். நான் என்ன செய்தேன், என்ன சொன்னேன், எப்போது சொன்னேன், எழுது. ஒளித்து வைத்து விளையாட நாம் இன்னும் சின்னப்பிள்ளைகள் இல்லை.

படத்தை மறுபடியும் அனுப்பியிருக்கிறேன். திருப்பி அனுப்பினால் இதையே தபாலில் போட்டுக்கொண்டே இருப்பேன்.

அக்கா


நவம்பர் 27

அக்காவுக்கு,

எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

அன்று காலை எல்லாரும் படியில் வரிசையாக நின்றோம். அப்பா இல்லாமல் முதல் தடவை. கேமரா உள்ளே மேஜை மேல் இருந்தது, யாரும் அதைத் தொடவில்லை. அவள் வந்து என் பக்கத்தில் நின்றாள். கல்யாணமாகி அன்றுவரையான நாலு வருஷத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தப் படியில் நின்றது இரண்டே தடவைதான், மற்றதெல்லாம் கப்பலில் போய்விட்டது. அவள் தோள் என் தோளில் பட்டது. அப்போது நீ கேமராவை எடுத்துக்கொண்டு வந்து அவளைப் பார்த்துச் சொன்னாய்: "நீ எங்க இங்க வந்து நிக்கிற? நீ வெளியாள். போ, அங்க போய் நில்லு." சொல்லிவிட்டு அவள் கழுத்தில் கேமராவை மாட்டினாய்.

வெளியாள். இந்த வார்த்தையைத்தான் சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். நீ சொன்னதைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவளும் சிரித்தாள். அவள் சிரிக்காமல் வேறு என்ன செய்வாள்? எல்லாரும் சிரிக்கிற இடத்தில் அழ முடியுமா?

அவள் எங்கே வளர்ந்தவள் என்று உனக்குத் தெரியும். சித்தப்பா வீட்டில். அங்கே எந்த விசேஷம் என்றாலும் படம் எடுக்கும் நேரத்தில் அவளிடம்தான் எல்லாரும் பையைக் கொடுப்பார்களாம். "இதைப் பிடிச்சுக்க, ஒரு படம் எடுத்துட்டு வந்துடறோம்." அவள் கையில் ஆறேழு பையோடு ஓரமாக நிற்பாள். அவளுடைய சின்ன வயசுப் படம் என்று ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணமான புதிதில் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். எங்கள் வீட்டில் அப்படி நடக்காது என்று நான் சொன்னேன். பெரிதாகச் சொன்னேன், அக்கா.

அப்பா இருந்தவரை நீ அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. அவர் போன பிறகுதான் சொன்னாய். அதனால் எனக்குப் புரிந்தது என்னவென்றால், வீட்டில் அவளுக்காக இருந்தவர் அவர் ஒருவர்தான், அவரும் போய்விட்டார். அன்றைக்கே அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். சண்டை போட்டிருக்கலாம். வாயைத் திறந்திருந்தால் பிறகு அம்மா முகத்தில் விழிக்க முடியாதபடி ஏதாவது சொல்லியிருப்பேன். அதனால்தான் பேசவில்லை.

அந்தப் படியில் நான் மட்டும் நிற்க வேண்டுமென்றால் வர மாட்டேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நீயே சொல்லிவிடு.

தம்பி


டிசம்பர் 3

அட மடையா,

உன் கடிதத்தை லேபில் வைத்துப் படித்தேன். முதல் பக்கம் முடிந்ததும் சிரிக்க ஆரம்பித்தேன். பக்கத்து மேஜைக்காரி என்ன ஏது என்று கேட்டாள். இரண்டாவது பக்கத்தில் அந்தப் பை விஷயம் வந்தது. அதோடு சிரிப்பு நின்றுவிட்டது, குமுறிக் குமுறி அழுதேன். கையிலிருந்த பல் செட்டைக் கீழே போட்டுவிட்டேன். யாரோ ஒரு பெரியவர் அதனால் இன்னும் சில நாள் கஞ்சியோடு காலம் தள்ளுவார். அந்தப் பாவமும் உன்னைத்தான் சேரும்.

இப்போது நான் சொல்வதை நிதானமாகப் படி. நடுவில் எழுந்து போகாதே.

உன் வீட்டுக்காரி முதன்முதலில் தனியாக லீவுக்கு வந்த வருஷம். நீ கப்பலில். படியில் நிற்கச் சொன்னோம். அவள் ஓரத்தில் ஒரு கால் படியிலும் ஒரு கால் கீழேயுமாக நின்றாள். வாடகை வாங்க அந்த வழியாக வந்த வீட்டுக்காரர் சும்மா இல்லாமல், "இது யாரு, வெளியாளா?" என்று கேட்டுவிட்டார். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. அப்பா கேமராவிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. "வெளியாள் நான்தாங்க" என்றார். "இத்தனை வருஷமா வெளியில நிக்கிறது நான் ஒருத்தன்தான். அங்க நிக்கிறவங்க எல்லாம் உள்ளாளுங்க." சொல்லிவிட்டு ஒண்ணு, ரெண்டு, அழுத்திவிட்டார்.

அந்தப் படம் இதோடு இருக்கிறது. நீ கடலில் இருந்ததால் பார்த்திருக்க மாட்டாய். ஓரத்தில் பார். வாயைப் பொத்தக் கை பாதி தூரம் வந்துவிட்டது, அதற்குள் சிரித்துவிட்டாள். அவளுடைய அத்தனை பல்லும் தெரிகிறது. என் தொழில் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான வரிசையை நான் செய்ததில்லை. நம் வீட்டில் அவளுக்கு இடம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாயே, வைத்துக்கொள்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு வெளியாள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அம்மா சமையலறையிலிருந்து, "வெளியாளுக்குக் காபி கொண்டுபோய்க் குடு" என்பாள். அப்பாவுக்கு அதில் ஏதோ பதவி கிடைத்த மாதிரி பெருமை. நீ இந்த விளையாட்டு எதிலும் இல்லை. உனக்கு யாரும் சொல்லவும் இல்லை. இதையெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அடுத்த வருஷம் அவர் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. எல்லாரும் நின்றாகிவிட்டது. அவர் கேமராவைத் தூக்குகிறார், இறக்குகிறார், துடைக்கிறார், மறுபடி தூக்குகிறார். சட்டென்று அதைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினார். "இனிமே நீதான் வெளியாள்" என்றார். எனக்கு வயிறு எரிந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். பெற்ற பெண் என்னை அந்தக் கேமராவைத் தொடக்கூட விட்டதில்லை. ஏன் என்னிடம் தரவில்லை என்று கேட்டேவிட்டேன். "நீ மூணு வரைக்கும் எண்ணுவ" என்றார். வாஸ்தவம்தான், நான் எண்ணுவேன். அவள் ரெண்டிலேயே அழுத்தினாள். யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொரு படமும் வைத்திருக்கிறேன், அந்த வருஷம் அவள் எடுத்தது. அப்பா முதல் தடவையாக வரிசையில் வந்து நிற்கிறார். கையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கேமராவைப் பிடிக்கிற மாதிரியே இரண்டு கையையும் மார்புக்கு நேராக வைத்துக்கொண்டு நிற்கிறார், வெறும் கையோடு. பை முழுக்கத் தேடிவிட்டேன், நம் சின்ன வயசுப் படம் ஒன்றில்கூட அப்பா கிடையாது. அப்பா இருக்கிற படம் எல்லாமே உன் வீட்டுக்காரி எடுத்தது. அவள் மட்டும் இல்லாவிட்டால் இன்று அவர் முகத்தைப் பார்க்க, நம் கல்யாணப் படங்களை விட்டால் அலுவலக அடையாள அட்டைதான் மிச்சம்.

கடைசி வருஷம் என்ன நடந்தது என்று இப்போது உனக்கே புரிந்திருக்கும். கேமரா மேஜையில் கிடந்தது, அவளும் அதைத் தொடாமல் வரிசையில் வந்து நின்றுவிட்டாள். அப்பா நின்ற இடம் காலியாகக் கிடந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவர் பேசுகிற மாதிரியே பேசி அவளை அங்கே போகச் சொன்னேன். அம்மா சிரித்ததைக் குத்தமாக எழுதியிருக்கிறாய். அப்பா போன பிறகு அம்மா சிரித்தது அதுதான் முதல் தடவை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். அவளைக் கேள். அவளுக்கு இது எல்லாம் தெரியும். ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அக்கா


டிசம்பர் 10

பல் மகாராணிக்கு,

கேட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து வருவதற்கு முன்னாலேயே நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்று படத்தையும் மேஜையில் பரப்பி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். வந்தாள், செருப்பைக் கழற்றினாள், மேஜையைப் பார்த்தாள். அப்பா படத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டாள். கடையில் யாராவது உடைந்த கண்ணாடியைக் கொண்டுவந்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாளே, அப்படித்தான் அந்தப் படத்தைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"அன்னிக்கே தெரியும். எனக்குத்தானே மாமா அந்தப் பேரைக் குடுத்தாரு."

பிறகு அவள் சொன்னதை என்னால் முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். "பஸ்ஸில வரும்போது, 'என் பொண்டாட்டியை வெளியாள்னு சொல்ற வீட்டுல எனக்கு என்ன வேலை'ன்னு சொன்னீங்க. என் பையையும் நீங்களே மடியில வச்சிருந்தீங்க. எனக்காக யாரும் அப்படி ஒரு வார்த்தை பேசினதில்ல. அது தப்புன்னு உடனே சொல்ல மனசு வரல. அந்த ஒரு ராத்திரி மட்டும் வச்சுக்கலாம்னு நினைச்சேன். காலையில சொல்லிடலாம்னு."

காலையில் எனக்குக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது, உடனே கப்பல் ஏற வேண்டும் என்று. உனக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை, அந்தப் பயணம் நீண்டுகொண்டே போனது. நான் திரும்பி வந்தபோது அது பழைய கோபமாகி இறுகிவிட்டது. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்பேனே என்ற பயம். நான் அம்மாவோடு பேசும் ஒவ்வொரு தடவையும் இன்று சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் வந்து நிற்பாளாம். நான் போனை வைத்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேனாம். அதோடு போய்விடுவாளாம். அந்த ஒரு ராத்திரி மூன்று வருஷம் நீண்டுவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது, வராமல் இல்லை. எழுந்து போய்ச் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தேன். கடைசிப் பொத்தான் வருவதற்குள் கோபம் போய்விட்டது. அடைத்துக்கிடந்த பம்பு திடீரென்று தண்ணீரை இழுக்கிற மாதிரி நெஞ்சில் ஒரு சத்தம். சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவள் பயந்துபோய் ஓடிவந்தாள். பிறகு இருவருமாக அந்த மூன்றாவது படத்தைப் பார்த்தோம், என் மிளகாய் மூஞ்சி இருக்கிறதே, அதை. அவள் அதைக் காட்டி, "நான் எடுத்ததிலேயே இதுதான் எனக்குப் பிடிச்ச படம்" என்றாள். எனக்காக நீங்கள் கோபப்பட்டதை நான் கேமரா வழியாகப் பார்த்தேன் என்கிறாள். இந்தப் பெண்ணை நான் என்ன செய்வது, சொல்.

அப்பா படத்தை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்க ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று தோன்றுகிறது. அவர் அந்த வெறும் கையோடு நேராக அவளைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் தூரத்தில் எங்கேயோ எஞ்சின் அறையில் எண்ணெய்க் கையோடு கிடந்தபோது, என் வீட்டில் இப்படி ஒரு காலை நடந்திருக்கிறது. தெரியாமலே இருந்துவிட்டேன் என்று வருத்தம்தான். ஆனால் நடந்திருக்கிறது என்பதே இப்போது எனக்குப் போதுமாக இருக்கிறது.

டிக்கெட் எடுத்துவிட்டேன். பட்டறை வேலை பட்டறையிலேயே இருக்கட்டும். அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். அவள் "போர்வை போதுமான்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். போர்வைகளை நீ ஏற்கெனவே மூட்டை கட்டியிருந்தால் அவிழ்த்து வை.

ஒரே ஒரு நிபந்தனை. இந்தத் தடவை அவள் படியில் நிற்க வேண்டும், நடுவில். கேமராவுக்கு இரண்டு ரோல் வாங்கி வை. வெளியில் யார் நிற்பது என்று கேட்காதே.

தம்பி


ஜனவரி 18

வெளியாளுக்கு,

படம் வந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு பிரி.

அப்பா இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். ஒண்ணு என்றாய், ரெண்டு என்றாய், நாங்கள் எல்லாரும் ரெண்டுக்குத் தயாராக இருந்தோம். நீ நிறுத்தி, நிதானமாக மூச்சு விட்டு, எஞ்சினை ஓட்டுவதற்கு முன் எல்லாத் திருகையும் சரிபார்க்கிறவன் மாதிரி ஒரு தடவை பார்த்துவிட்டு, மூணு சொல்லி முடித்த பிறகு அழுத்தினாய். ஆக நம் வீட்டு வரலாற்றிலேயே முதல் தடவையாக எல்லாரும் ஒழுங்காக நிற்கிறோம். உன் மாமா அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் நிற்கிறார். என் மகள் கண்ணை மூடிவிட்டாள். என் வாய் இறுகி இருக்கிறது, ஒரு பல்லும் தெரியவில்லை, என் தொழிலுக்கே அவமானம். இவ்வளவு மோசமான படத்தை நம் வீட்டில் யாரும் எடுத்ததில்லை.

ஆனால் நடுவில் பார். அம்மாவுக்குப் பக்கத்தில் உன் வீட்டுக்காரி. அவள் கையைக் கவனி. இரண்டு கையும் மார்புக்கு நேராக, வெறும் கையாக. அப்பா படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே மாதிரி. இதை அம்மாவிடம் நான் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்தாள். இரண்டு படத்தையும் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அழுகிறாளோ என்று எட்டிப் பார்த்தேன், அழவில்லை.

நீங்கள் கிளம்பிய மறுநாள் சாவியைக் கொடுத்தோம். அம்மா தன் கையாலேயே கதவைப் பூட்டினாள். நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்காரரிடம் சாவியை நீட்டி, உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள், வாசல்படியை மட்டும் இடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வண்டியில் ஏறிவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழியெல்லாம் என் ஓட்டுதலைக் குறை சொல்லிக்கொண்டே வந்தாள். இங்கே சின்ன அறை அவளுக்குப் பிடித்திருக்கிறது. உன் மாமா எடைக்குப் போடாமல் ஒளித்து வைத்த பத்திரிகைகளை இப்போது இருவரும் சேர்ந்து படிக்கிறார்கள். எனக்கு வேலை இரண்டு மடங்கு, மனசு அதில் பாதிகூடக் கனக்கவில்லை.

நேற்று உன் படத்தைச் சுவரில் மாட்ட ஆணி அடித்தேன். அம்மா கட்டிலிலிருந்தே ஒவ்வொருவராக விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்ததும் எழுந்து வந்தாள். படத்தின் வலது ஓரத்தில் மங்கலாக ஏதோ விழுந்திருக்கிறதே, அது நீ லென்சுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த விரல். இரண்டாவது ரோலிலும் எல்லாப் படத்திலும் அது இருக்கிறது. அம்மா அதைத் தொட்டாள்.

"இவனும் இருக்கான்" என்றாள்.

அதனால், படத்தில் நீ இல்லை என்று கோபித்துக்கொண்டு மறுபடியும் மூட்டையைக் கட்டிவிடாதே.

உள்ளிருந்து,
அக்கா